பாக்பாக் அண்ணனின் பத்து நாள் மௌனம்

பிள்ளைகளா, மன்னார்குடிப் பக்கத்தில் பாக்பாக் அண்ணன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. தூக்கத்திலும் பேசுவார் என்று அவர் மனைவி செல்வி அக்கா சொல்வார். அறுத்த வயல்களில் எண்ணூறு வாத்து மேய்ப்பது அவர் தொழில். "பா... பா... பாக்!" என்று ஒரு குரல் கொடுத்தால் எண்ணூறும் திரும்பும். ரோட்டில் போகிற பஸ்ஸில் நாலு பேர் திரும்புவார்கள்.

நிற்கவும் தெரியாது. என் பஞ்சர் கடைக்கு வந்தால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசுவார். போன பிறகு, விட்டுப்போனதை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்.

போன தை மாதம் அந்தக் குரல், தகர டப்பாவில் கல் உருட்டின மாதிரி ஆகிவிட்டது. அக்கா அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார். துணைக்கு நானும் போனேன்.

டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். பலூனை ஊதி, அதன் வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக் காற்றை விடுங்கள். கீச்சென்று கத்தும். ரப்பர் ஓரங்கள் அதிர்கிற சத்தம் அது. நம் தொண்டைக்குள்ளும் இரண்டு சின்ன மடிப்புகள் உண்டு. நுரையீரலிலிருந்து காற்று மேலே வரும்போது அவை தொட்டு விலகி, தொட்டு விலகி, நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிரும். விறைத்தால் கீச்சுக் குரல், தளர்ந்தால் கட்டைக் குரல். அதை நாக்கும் உதடும் பேச்சாக்கும். தொண்டையில் விரல் வைத்து 'ம்ம்' என்று முனகிப் பாருங்கள், தெரியும். கத்திக் கத்தி அண்ணனுக்கு அந்த மடிப்புகள் வீங்கிவிட்டன.

"பத்து நாள் பேசவே கூடாது. இல்லேன்னா குரல் இப்படியே நின்னுடும்" என்றார் டாக்டர்.

சாயங்காலமே அண்ணன் கடைக்கு வந்து என் காதில் குசுகுசுவென்று ஆரம்பித்தார். "இது பேச்சுல சேராதுடா தம்பி..." ஒரு மணி நேரம்! அக்கா டாக்டருக்குப் போன் போட்டார். "குசுகுசுன்னு பேசுறதும் தொண்டைக்குக் கெடுதல்தாம்மா!" அப்புறம் கை ஜாடைதான். கைகளும் ஓயவில்லை.

ஆறு நாள் வாத்துகள் பட்டியில் அடைந்து கிடந்தன. ஏழாம் நாள் வலையைத் தள்ளிக்கொண்டு, என் கடைக்கு எதிரே மறுநாள் அறுக்க வேண்டிய ராசப்பன் வயலுக்குள் இறங்கிவிட்டன. அண்ணன் கோலை ஆட்டினார், விசிலடித்தார், குதித்தார். ஒன்றுகூட மதிக்கவில்லை.

"என் நெல்லு போச்சே! கூப்பிடுய்யா!" என்று ராசப்பன் அலறினார்.

அண்ணன் வாயைத் திறந்தார். அக்கா பாய்ந்து பொத்தினார். "கத்துனீங்க, ஆயுசுக்கும் தகர டப்பாதான்!"

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. அண்ணன் எந்த மெசேஜிலும் நடுவில் வாத்தைக் கூப்பிடாமல் இருக்க மாட்டார். பழையதாக ஒன்றை எடுத்து, கடை ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் போட்டேன்.

"தம்பி, இந்த ராசப்பன் இருக்கானே, மகா கஞ்சன், ஒரு டீ வாங்கித் தர மாட்டான்... ஏய், பா... பா... பாக்!"

எண்ணூறு வாத்தும் திரும்பின. ராசப்பனும் திரும்பினார்.

கால் மணி நேரம் திட்டினார். அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே இடத்தில், பதில் சொல்லாமல் நின்றார்.

பதினோராம் நாள் காலையில் நான் கடை திறப்பதற்குள் வந்துவிட்டார். என் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்தார்.

"அதிருதா பாரு, தம்பி."

அதே பழைய குரல்.

"அதிருது அண்ணே."

ராசப்பனுக்குச் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் அப்புறம் என்னிடம் சொன்னார். பஞ்சருக்கு இரண்டு வண்டி வந்து நின்றன. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.