வலப்பக்கம் போய் இடப்பக்கம் வரும் சரக்கு

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மகளை நேற்று மதியம் என் பட்டறையிலிருந்து கிளம்பச் சொல்லிவிட்டேன். அவள் சொல்லி நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அக்காவும் இதைப் படித்து முடிக்கும்வரையாவது சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் தயாரிக்கும் பிளாஸ்டிக் தோட்டக் குழாய் ஒரு கோடைகூடத் தாங்காமல் விறைத்து வெடிக்கிறது. நாற்றுப்பண்ணைக்காரர், "இன்னொரு லோடு இப்படி வந்தா நமக்குள்ள ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டார். அவர் போனால் பாதி மெஷினுக்குத் துணி போர்த்த வேண்டியதுதான். நீங்களோ, "என் பொண்ணு கம்ப்யூட்டர்லயே பிளாஸ்டிக்குக்குள்ள போய்ப் பாத்துருவா" என்றீர்கள். வந்தாள். குழாயைத் தொடவில்லை. பெற்ற பிள்ளைக்கும் நான் சொல்லாத கலவை விவரத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள், எனக்கு அங்கேயே உறுத்தியது. மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டுக் காட்டினாள். திரையில் ஒரு பெட்டி, அதற்குள் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி மணி மணியாக ஏதோ நெளிகிறது. "இதுதான் மாமா உங்க குழாய். உள்ள இருக்கிற சங்கிலிங்க." எத்தனை மீட்டர் என்று கேட்டேன். தூசியில் கோடியில் ஒரு பங்குகூட இல்லையாம். எவ்வளவு நேரத்துக் கதை என்றேன். கண் சிமிட்டுவதில் கோடியில் ஒரு பங்காம். அதற்கு மூன்று நாள்! அந்த வேகத்தில் வேலை பார்க்க என்னிடம் ஏற்கெனவே உங்கள் தம்பி இருக்கிறார்.

அதையும் பொறுத்தேன். ஆனால் அந்த மணிகளில் ஒன்று பெட்டியின் வலப்பக்கச் சுவரைத் தாண்டி வெளியே போனது, அடுத்த நொடி இடப்பக்கச் சுவர் வழியாக உள்ளே வந்தது. "அது அப்படித்தான் மாமா. அப்பத்தான் சின்னப் பெட்டி பெரிய சரக்கு மாதிரி நடந்துக்கும்" என்கிறாள், சிரித்துக்கொண்டே! நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடோன்காரர், கடனுக்காகச் சரக்கை எண்ண வந்த பேங்க் மேனேஜருக்கு இதே வித்தையைக் காட்டினார். பின்வாசலில் வெளியே உருண்டு போன டிரம் முன்வாசலில் உள்ளே வரும். அவருடைய சின்னக் குடோனும் பெரிய குடோன் மாதிரிதான் நடந்துகொண்டது, போலீஸ் வரும்வரை.

கடைசியில் தீர்ப்பு: குழாயை மிருதுவாக்க நான் ஊற்றும் எண்ணெய் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே தங்குவதில்லையாம், சூடு பட்டால் கசிந்து வெளியே வந்துவிடுகிறதாம், விலை கூடிய வேறு எண்ணெய் வாங்கவேண்டுமாம். இங்கேதான் பிடித்தேன். "அந்த எண்ணெய் விக்கிறவர் உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். "இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல மாமா. ஆனா உங்களப் பாத்தா, அவரையே மாமாவா வச்சுக்கலாம்னு தோணுது" என்றாள். உங்கள் வாய் அப்படியே வந்திருக்கிறது. கிளம்பச் சொன்னேன். எண்ணெயை மாற்றுவதாக இல்லை.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. உங்கள் மகளுக்கு இரண்டில் எது பொருந்தும் என்று நீங்களே பார்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: காற்றில் பறக்காமலிருக்க இந்தக் கடிதத்தின்மேல் புதுக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஜன்னலோரம், நல்ல வெயில். திரும்பி வந்தால், நீங்கள் மேலே பார்க்கும் இந்த வட்டமான எண்ணெய்க் கறை. கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன், நம்புங்கள். உடனே உங்கள் மகளுக்குப் போன் போட்டேன். இனி எல்லாக் கலவையையும் அவள்தான் பார்ப்பாள். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு கேட்டாள். நான் ஒன்று என்றேன். இரண்டரையில் முடிந்தது, பாதி முன்பணம்.