பதின்மூன்றாவது பல்லி

"இந்த வீட்டில இனிமேல் பல்லியின்ர கதை எடுபடாது!" என்று சொல்லிச் சிவபாதசுந்தரம் சாப்பாட்டு மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். இடியப்பத் தட்டு துள்ளி அடங்கியது.

"எடுபடும்," என்றாள் அவருடைய மனைவி நேசமலர், சொதியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே.

இச், இச், இச் என்றது பல்லி.

நேசமலர் விரலால் மேசையை மூன்று தரம் தட்டினாள். "பாத்தியளே. பல்லியும் சொல்லிப்போட்டுது."

சிவபாதசுந்தரம் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சாமிப் படங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு பல்லியையும் காணவில்லை. ஒளிந்திருந்து தீர்ப்புச் சொல்கிற கோழைப் பிராணி! அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கு இதுதான். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டு பெரிய மாடிக் கட்டடங்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருந்தது அவர்களுடைய பழைய ஓட்டு வீடு. கல்கிசையில், கூட வேலைசெய்த யேசுரட்ணத்தின் ஃப்ளாட்டுக்குப் பக்கத்தில், ஏழாம் மாடியில் ஒரு வீடு காலியாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். சிவபாதசுந்தரம் போகவேண்டும் என்றார். நேசமலர் போகமுடியாது என்றாள். பல்லி நேசமலர் பக்கம்.

சிவபாதசுந்தரத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. முப்பத்துநாலு வருஷம் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கள்ளன் சொன்னதை நீதவானுக்குச் சொன்னார், நீதவான் சொன்னதைக் கள்ளனுக்குச் சொன்னார். சொந்தமாக ஒரு வசனம் சொல்லி அது செல்லுபடியானதாக அவருக்கு ஞாபகமே இல்லை. பென்சன் எடுத்தபின் முதன்முதலாகச் சொன்ன சொந்த வசனம், "கல்கிசைக்குப் போவம்." அதைத்தான் ஒரு பல்லி திரும்பத் திரும்பத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தது.

"அங்க கடல் காத்து வரும், நேசம்."

"இஞ்சயும் வருது."

"லிஃப்ட் இருக்கு."

"கரண்ட் போனா ஏழு மாடியும் ஏறேக்க உங்கட முழங்கால் நாலாம் மாடியில நிண்டிடும். இஞ்ச படலையைத் திறந்தாக் கோயில். நாலு எட்டு வச்சாச் சந்தை. திரும்பினாப் பல்லு டொக்டர். அங்க கறிவேப்பிலைக்கும் பஸ் ஏறவேணும். நாங்கள் ஒரு இடமும் போகேல்ல."

இச், இச், இச்.

அவர் சோதித்தும் பார்த்துவிட்டார். ஒருநாள் தனியே நின்று, சுவரைப் பார்த்து, "சூரியன் கிழக்கில் உதிக்கும்," என்று தெளிவான குரலில் சொன்னார். பத்து நிமிஷம் காத்திருந்தார். சத்தமில்லை. நேசமலர் உள்ளே வந்து, "தேங்காய் முடிஞ்சுது," என்றாள். உடனே இச், இச், இச்! சூரியனைவிடத் தேங்காய் பெரிதாம் இந்தப் பல்லிக்கு. குறுக்கு விசாரணை செய்யமுடியாத சாட்சியை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

இந்தக் கொதிப்பில்தான் அவர் பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்தார். கொழும்பு வீடுகளிலும் வளவுகளிலும் உள்ள தவளை, தேரை, ஓணான், பல்லி எல்லாவற்றையும் தொண்டர்கள் சிலர் கணக்கெடுக்கிறார்களாம். கீழே போன் நம்பர் இருந்தது. அந்த நிமிஷமே எடுத்தார்.

"பிள்ளை, என்ர வீட்டில ஒரு பல்லி. பொய்ச்சாட்சி. உடன வந்து பிடிச்சுக்கொண்டு போகவேணும்."

"நாங்க பிடிக்கிறதில்ல அங்கிள்," என்றது மறுபக்கத்துப் பெண் குரல். "எண்ணுறது மட்டும்தான்."

"எண்ணிப்போட்டு?"

"எழுதுவோம்."

"எழுதிப்போட்டு?"

"அடுத்த வருஷம் திரும்ப வந்து எண்ணுவோம். கூடியிருக்கா குறைஞ்சிருக்கா எண்டு பாக்கத்தானே வேணும்."

தவணைக்கு மேல் தவணை போடுவது நீதிமன்றத்தில் மட்டும்தான் என்று அவர் அதுவரை நினைத்திருந்தார். போனை வைக்கப் போனபோது அந்தப் பெண் இன்னொன்று சொன்னாள். பல்லியின் சத்தத்தையும் பதிவுசெய்வார்களாம். சிவபாதசுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதிவு! எழுத்திலுள்ள அத்தாட்சியைவிடப் பலமானது. பல்லி ஒருபக்கச் சார்பாக நடப்பதை விஞ்ஞானமே நிரூபிக்கட்டும்.

திங்கட்கிழமை பொழுதுபடுகிற நேரம் இரண்டு பேர் வந்தார்கள். போனில் கதைத்தவள் ஷெரோமி, கொட்டாஞ்சேனைப் பெண், நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தாள். கூட வந்தவன் முஸ்அப், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறவன், கையில் சின்ன ரெக்கோடர். சிவபாதசுந்தரம் சாய்மனைக் கதிரையில் இருந்து மேற்பார்வை செய்தார். நேசமலர் டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே அலைந்தாள். தண்ணீர்ப் பைப்படியில் இரண்டு தேரை, பூச்சட்டிக்குப் பின்னால் ஒரு தவளை, வீட்டுக்குள் பன்னிரண்டு பல்லி. ஒவ்வொன்றுக்கும் ஷெரோமி பரீட்சை பாஸ்பண்ணியவள்போல் சந்தோஷப்பட்டாள். பிறகு மூன்று பேரும் குசினியில் தேத்தண்ணி குடித்தபடி நெடுநேரம் கதைத்தார்கள். போகும்போது முஸ்அப் ரெக்கோடரை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை முஸ்அப் வந்து ரெக்கோடரை எடுத்துப்போனான்; வியாழக்கிழமை ஷெரோமி அதோடு முடிவையும் கொண்டுவந்தாள்.

"அங்கிள், இதில ஒரு புதினம் இருக்கு," என்றாள் ஷெரோமி. "மொத்தம் இருபத்தெட்டுச் சத்தம். பதினெட்டு, வழமையான வீட்டுப் பல்லி. மிச்சம் பத்தும் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பல்லிட சத்தமும் இல்ல."

சிவபாதசுந்தரத்தின் நெஞ்சு விம்மியது. புதிய இனம்! அவருடைய வீட்டில்! "கண்டுபிடிச்ச ஆளின்ர பேரைத்தானே வைக்கிறவை?" என்று அடக்கமாகக் கேட்டார். சிவபாதசுந்தரப் பல்லி. கொஞ்சம் நீளம்தான், ஆனால் வாலையும் சேர்த்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.

"போட்டுக் காட்டுறன் அங்கிள்."

ரெக்கோடரில் நேசமலரின் குரல் கணீரென்று வந்தது. "கல்கிசையும் வேண்டாம், ஒரு கத்தரிக்காயும் வேண்டாம்." இச், இச், இச். அதைத் தொடர்ந்து, யாரோ தேத்தண்ணியை உறிஞ்சும் சத்தம்.

பல்லி தேத்தண்ணி குடிக்காது.

சிவபாதசுந்தரம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "நேசம்! இது பல்லியில்லை. பல்லு! பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில நடந்த சதி!"

"ஓம், நான்தான்," என்றாள் நேசமலர். ஒரு வெட்கமும் இல்லை. "பல்லிக்கும் ஆயிரம் வேலை. நான் சொல்லுற எல்லாத்துக்கும் அது ஓடிவந்து சொல்லிக்கொண்டிருக்க ஏலுமே?"

"பொய்ச்சாட்சி! ஆள்மாறாட்டம்! ஆறு மாசமா ஒரு வாயில்லாப் பிராணியின்ர பேரில நீர் கையெழுத்து வச்சிருக்கிறீர்!"

"சரி சரி, கத்தாதையுங்கோ. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பிள்ளையள் கடைசியா எண்ண வருவினம். அவைக்கு முன்னால நீங்கள் சொல்லுங்கோ. நான் வாயே திறக்கமாட்டன். பல்லி என்ன சொல்லுதோ அதன்படி செய்வம்."

"எழுத்தில வேணும்!"

"எழுதுங்கோ."

'பல்லி சொல்வதன்படி நடப்போம்' என்று அவரே தன் அழகான நீதிமன்றக் கையெழுத்தில் எழுதினார். இருவரும் ஒப்பமிட்டார்கள்.

பிறகுதான் அவருக்குப் புத்தி வேலை செய்தது. அவளுக்கு ஒரு நாக்கு இருந்தால் அவருக்கும் ஒன்று இருக்கிறதே! அவள் காட்டிய வழிதானே? வெள்ளியும் சனியும் அவர் குளியலறையே கதியென்று கிடந்தார். பைப்பைத் திறந்துவிட்டு, கண்ணாடிக்கு முன் நின்று, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தார். முதலில் மாட்டை ஓட்டுகிற சத்தம் வந்தது. பிறகு குழந்தைக்கு முத்தம் கொடுக்கிற சத்தம் வந்தது.

"என்னப்பா, பல்லுக்க ஏதும் சிக்கிட்டுதே?" என்று கதவுக்கு வெளியே நேசமலர் கேட்டாள்.

"ஓ... ஓம், கீரைத் தண்டு!"

"ரெண்டு நாளாக் கீரை சமைக்கேல்லையே," என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள்.

சனி பின்னேரம் சரியான சத்தம் வந்தது. பின்சுவரிலிருந்து உண்மையான பல்லியொன்று பதில் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபத்தேழு வயதில், அவர் சொன்னதைக் கேட்டு ஓர் உயிர் பதில் சொல்லியிருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை ஷெரோமியும் முஸ்அப்பும் வந்தார்கள். நேசமலர் மேசையருகில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தாள். சிவபாதசுந்தரம் துவாயால் முகத்தைத் துடைப்பதுபோல வாயை மறைத்துக்கொண்டு, கணீரென்று சொன்னார்: "நாங்கள் கல்கிசைக்குப் போறம்."

இச், இச், இச்.

அப்படியொரு சுத்தமான சத்தம். முஸ்அப் சட்டென்று சுவரைப் பார்த்தான். ஷெரோமி மட்டும் ஒரு கணம் துவாயைப் பார்த்தாள். நேசமலர் விரலால் மேசையை மூன்று தரம் தட்டினாள்.

"பல்லி சொல்லிப்போட்டுது," என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

"முடிஞ்சுது வழக்கு!" சிவபாதசுந்தரம் துள்ளி எழும்பினார். முழங்கால் நோவையும் மறந்துவிட்டார். "நான் யேசுரட்ணத்துக்குப் போன் எடுக்கிறன்."

"எடுங்கோ. அதுக்கு முதல் ஒண்டு." நேசமலர் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து கடதாசியை எடுத்து விரித்தாள். "பல்லி சொல்வதன்படி எண்டெல்லோ எழுதியிருக்கு. பல்லி சொன்னது சரி. என்ன சொன்னது? பிள்ளை ஷெரோமி, நீங்கள் அந்தப் பாஷை படிச்சனீங்கள். ஒருக்கா மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ."

"அது வந்து அன்ரி..." ஷெரோமி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இப்படித் தொடர்ந்து கத்துறது பெரும்பாலும் ஆண் பல்லி. இது என்ட இடம், நான் இங்கயிருந்து அசையமாட்டன் எண்டு மத்தப் பல்லிகளுக்குச் சொல்றது."

"இதை ஏன் எனக்கு ஒருத்தரும் முதலே சொல்லேல்ல!" என்று சிவபாதசுந்தரம் அலறினார்.

"அன்ரி மொத நாளே குசினியில வச்சுக் கேட்டுக்கிட்டாங்களே," என்றான் முஸ்அப் அப்பாவியாக.

அநியாயம்! அக்கிரமம்! சிவபாதசுந்தரத்துக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "இந்தத் தீர்ப்புச் செல்லாது! ஏனெண்டா சொன்னது பல்லியே இல்லை, சொன்னது..."

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

"சொன்னது?" என்று நேசமலர் மிகவும் கனிவாகக் கேட்டாள்.

பொய்ச்சாட்சிக்கு என்ன தண்டனை என்று அவருக்கு மூன்று பாஷையிலும் தெரியும். துவாயை மடித்து மேசையில் வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"யேசு, நாங்கள் வரேல்ல."

"ஏன் ஐசே? என்ன நடந்தது?"

"பல்லி சொல்லிப்போட்டுது."

மறுபக்கத்துச் சிரிப்பு அடங்கும்வரை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் போனை வைத்ததும் ஷெரோமி கணக்கெடுப்புப் படிவத்தை நீட்டினாள். வீட்டுத் தலைவரின் கையொப்பம் வேண்டுமாம். வாசிக்காமல் ஒப்பமிடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மூக்குக்கண்ணாடியை மாட்டினார். பல்லிகள் என்ற இடத்தில் பன்னிரண்டு வெட்டப்பட்டுப் பதின்மூன்று ஆகியிருந்தது. பக்கத்தில் நேசமலரின் உருண்டை எழுத்து:

'பதின்மூன்றாவது: வளர்ந்த ஆண். காணப்படும் இடம்: சாய்மனைக் கதிரை. இடம்பெயரும் சாத்தியம்: இல்லை.'

அதற்கு நேர் கீழேதான் வீட்டுத் தலைவர் கையொப்பம் இடவேண்டியிருந்தது.