உருக்குனா எம்புட்டு?

உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் இரண்டு விலை உண்டு என்று கண்டுபிடித்தவர் எங்கள் ஹெட்கிளார்க். ஒன்று, கடைக்காரன் சொல்லும் விலை. இன்னொன்று, அதை உருக்கினால் தேறும் விலை. முதல் விலையை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. ராமநாதபுரத்தில் கண்மாய்க் கணக்குப் பார்க்கும் எங்கள் அலுவலகத்தில், பியூன் முதல் அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் ‘உருக்குனா சார்’தான். அதிகாரி மட்டும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்.

சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில், விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவர். அந்த வீட்டில் மிளகாய் நல்ல விலைக்குப் போன வருஷம் வெள்ளி வாங்குவார்கள். மழை பொய்த்த வருஷம் அதே வெள்ளியை விற்றுச் சாப்பிடுவார்கள். விற்கப் போனால் கடைக்காரன் எடையைப் பார்ப்பானே தவிர, கொலுசில் இருந்த அன்னப்பட்சியைப் பார்க்கமாட்டான். அதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டவர், வாழ்நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தார். “உருக்குனா எம்புட்டு தேறும்?”

ரயிலில் பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது ஊரே கடலைப் பார்த்துக் கும்பிடும். இவர் கீழே குனிந்து இரும்பைப் பார்த்துக் கணக்குப் போடுவார். மாரியூருக்கு ஒருமுறை அலுவலகத்தோடு போயிருந்தோம். கரையில் கிடந்த நங்கூரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற மீனவரிடம் தன் கேள்வியைக் கேட்டார்.

“தாராளமா உருக்கலாம் சார். பெறகு வள்ளத்த ஒங்க கால்லதான் கெட்டணும், பரவால்லியா?” என்றார் அவர்.

தன் மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனவர், பில்லில் செய்கூலி, சேதாரம் என்ற இரண்டு வரிகளைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டார். “கூலி குடுத்துர்றேன், ஆசாரி பாடுபட்டிருக்காரு. சேதாரத்துக்கும் காசு வாங்குறீகள்ல? அப்ப அந்தச் சேதாரத்தப் பொட்டலம் கெட்டிக் குடுங்க. ஏஞ் சாமான் எனக்கு வேணும்ல?” கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்து சோடா வாங்கிக் கொடுத்தார். சேதாரத்தில் பாதியும் குறைந்தது. கூடப் போயிருந்த நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அன்றிலிருந்து அலுவலகத்தில் யார் நகை எடுக்கப் போனாலும் சாருக்கு ஒரு சோடா நிச்சயம்.

இப்படிப்பட்டவர் எதிரில்தான் நான் அந்த விளம்பரத்தை விரித்து வைத்தேன். எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். காசு சேகரிக்கும் பைத்தியம் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. அரசாங்கம் நூறு ரூபாய் என்று பொறித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெரிய வெள்ளிக் காசு வெளியிட்டிருந்தது. சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடி மாதிரி பளபளவென்று அடித்து, பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடி, நீல வெல்வெட் டப்பாவில் வைத்துத் தருவார்கள். முன்பணம் கட்டிப் பதிய வேண்டும். பதிவு முடிந்தால் முடிந்ததுதான், மறுபடி அடிக்கமாட்டார்கள்.

“ஏலே தம்பி, இதுல வெள்ளி எம்புட்டு?” என்றார் உருக்குனா சார்.

“பாதி சார்.”

“மிச்சப் பாதி?”

“செம்பு, அது இதுன்னு கலப்பு.”

“செம்புக்கு வெல்வெட்டு மெத்தையா? நல்ல கூத்துல! அரமன வாசல்ல வெள்ளிக் கடைக்குப் போ. சுத்த வெள்ளியில இதே தண்டிக்குக் காசு தருவான். படம் கெடையாது, டப்பா கெடையாது. எட மட்டும் இருக்கும். நாளைக்கு ஒரு கஷ்டம்னா வித்துக்கலாம். இந்த டப்பாவ யாருகிட்ட விப்ப?”

“இது விக்கிறதுக்கு இல்ல சார். பாக்குறதுக்கு.”

“பாத்தா பசியாறுமா?”

ஒரு வாரம் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை. டப்பாக் கட்சி, தராசுக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து டீக்கடை வரை சண்டை போட்டோம். டப்பாக் கட்சியில் நானும் டைப்பிஸ்டும் மட்டும். கடைசியில் பிடிவாதமாகப் பணம் கட்டினேன். பல மாதம் கழித்துக் காசு வந்தது. உருக்குனா சார் டப்பாவை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ம்” என்று சொல்லித் திருப்பித் தந்தார். அந்த ‘ம்’முக்கு நான் அப்போது பொருள் தேடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் ரிக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஐந்தே நிமிஷம். வெளியே வரும்போது தலையில் வகிடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். உள்ளே கண்ணாடி வைத்திருக்கிறார் என்று பியூன் பந்தயம் கட்டினார். சார் லீவு போட்ட நாளில் பியூன் ரூம் முழுக்கத் தேடிப் பார்த்தார். பழைய ஃபைலும் கரப்பான்பூச்சியும்தான் இருந்தன. பந்தயத்தில் தோற்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

ஆயுத பூஜை வந்தது. நான் வெளியூர் வேலையாகப் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், என் மனைவி காளீஸ்வரி வாசலிலேயே சிரித்த முகத்தோடு நின்றாள்.

“ஒங்க வெள்ளிக்காச சாமிகிட்ட வச்சிருக்கேன், பாருங்க. நடுவுல ஒரே கருப்பா இருந்துச்சு. புளி போட்டு வெளக்கி, துன்னூறு வச்சுத் தேச்சேன். இப்பத்தான் வெள்ளி கணக்கா இருக்கு. அந்த மூடிதான் தெறக்க மாட்டேன்னுச்சு, அருவாமனையில வச்சுத் தெறந்தேன்.”

முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி அடித்த காசின் பரப்பு, சாய்த்துப் பார்த்தால் கருப்பாகத்தான் தெரியும். அது அழுக்கில்லை, அதற்குத்தான் அவ்வளவு விலை. கையே படக்கூடாத காசு. அதன் மேல் இப்போது ஆயிரம் கீறல். நான் தலையில் கை வைத்துக்கொண்டு, “அறிவு இருக்கா ஒனக்கு?” என்று கத்தினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் திருவாடானைக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரமும் போனது. போய்க் கூப்பிட எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. தானாக வர அவளுக்கு மட்டும் இடம் கொடுக்குமா? ஹோட்டல் சாம்பாரில் என் உடம்பு பாதியானது. ஒருநாள் உருக்குனா சார் என் மேஜைக்கு வந்து நின்றார்.

“தம்பி, ஒங் கோவத்த உருக்குனா எம்புட்டு தேறும்?”

நான் ஒரு ஃபைலை இழுத்து வைத்துப் புரட்டினேன்.

“ஒன்னும் தேறாதுல்ல? நாளைக்கு லீவு போடு. அந்தக் காசையும் எடுத்துக்க. நானும் வாரேன்.”

திருவாடானையில் என் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்க்காமல் சாரைப் பார்த்து, “காசு வேணுமா, எம் பொண்ணு வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க சார்,” என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து காளீஸ்வரியின் குரல் வந்தது. “சாமி முன்னாடி வைக்கிற வெள்ளிய வெளக்காமயா வைப்பாக? நீங்களே சொல்லுங்க சார்.”

“தாயி சொல்றதுதான் நியாயம்,” என்றார் உருக்குனா சார். “வெள்ளின்னா வெளக்கத்தான் செய்வாக. ஏலே, அந்தக் காச எடு.”

கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு தன் மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு நீல வெல்வெட் டப்பாவை எடுத்தார். உள்ளே அதே காசு. மூடி உடையாமல், ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது.

“சார், நீங்களுமா வாங்குனீங்க?”

“எதிர்க்கட்சி என்ன செய்யுதுன்னு பாக்கணும்ல? ஆராய்ச்சிக்கு வாங்குனது,” என்று கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இத நீ வச்சுக்க. வெளக்குனத நான் வச்சுக்கிறேன். இதோட சண்ட தீந்துச்சு.”

“வேணாம் சார். இது மறுபடி கெடைக்காது.”

“உருக்குனா ரெண்டும் ஒன்னுதானலே! எனக்கு என்ன நட்டம்?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. கதவுப் பக்கம் திரும்பி, “நான் அப்படிக் கேட்டது தப்பு காளீஸ்வரி. வா, வீட்டுக்குப் போவோம்,” என்றேன்.

“இத ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா சாருக்கு பஸ் சார்ஜ் மிச்சம்,” என்று சொல்லிவிட்டு மாமனார் எழுந்து இலை போடச் சொன்னார். கோழி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் காளீஸ்வரி, “இதப் பீரோவுல வச்சுப் பூட்டி, சாவிய நீங்களே வச்சுக்கங்க. என் கை சும்மா இருக்காது,” என்றாள். பூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை டப்பாவைத் திறந்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. நீல வெல்வெட்டில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. ரிக்கார்டு ரூமில் கண்ணாடி எங்கே இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் மத்தியானமும் அவர் வழக்கம்போல ரிக்கார்டு ரூமுக்குப் போனார். ஐந்து நிமிஷம் கழித்து வந்தார். வகிடு கோணிக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பிறகு அது நேரானதே இல்லை. அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மூன்று முறை போனேன். மூன்று முறையும் “உருக்குனா ஒன்னுதானலே” என்று துரத்திவிட்டார்.

அவர் ஓய்வு பெற்றபோது என்ன பரிசு கொடுப்பது என்று கூட்டம் போட்டோம். தராசுக் கட்சி வெள்ளிக்காசு என்றது. நான் சண்டை போட்டு, சுவரில் மாட்டும் கண்ணாடி ஒன்று வாங்க வைத்தேன். மாலை போட்டு முடிந்ததும் பொட்டலத்தைப் பிரித்தார். முன்னும் பின்னும் புரட்டினார். விரலால் தட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏலே, இத உருக்குனா எம்புட்டு தேறும்?”

“ஒன்னும் தேறாது சார்.”

“அப்ப நல்ல சாமான்தான்,” என்றவர், சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். வகிடு நேராக விழுந்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். கண் கலங்கியிருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.