சூடேறாத எஞ்சினும் கிழித்துப் போட வேண்டிய கடிதமும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே தங்கள் மகளின் புருவம் தவிர மற்ற எல்லாம் நலம். புருவமும் முளைக்கத் தொடங்கிவிட்டது. தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் நான் எழுதிய கடிதம் கைக்குக் கிடைத்திருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடவும். முழுக்கக் கிழிக்க மனமில்லை என்றால் "உங்கள் பெண்ணை வந்து அழைத்துப் போங்கள்" என்ற வரியை மட்டுமாவது கிழிக்கவும். முப்பத்திரண்டு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவன், ஓய்வு பெற்ற பிறகு ஆத்திரத்தில் அப்படி எழுதிவிட்டேன்.

நடந்தது இதுதான். மகன் கப்பலுக்குப் போன மறுநாளே மருமகள் கார் ஷெட்டைக் காலி செய்து ஓர் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தாள். மர மில்லில் மலையாகக் குவியும் மரத்தூளை எரித்தே அந்த மில்லின் பெரிய விசிறியை ஓட்டிக் காட்டுவதாக முதலாளியிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்காகப் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டாள் (இதைத் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், நான் சொன்னதாகவும் இருக்க வேண்டாம்). "வெடிக்குமாம்மா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, நெருப்பு வெளியதான் எரியும். உள்ள வெறும் காத்துதான். சூடானா விரியும், ஆறினா சுருங்கும், அந்த இழுபறியில சக்கரம் சுத்தும்" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, சக்கரம்தான் சுற்றவில்லை. நெருப்புப் படும் இடத்தில் ஒரு தடித்த இரும்புக் கிண்ணத்தைக் கவிழ்த்திருந்தாள். கிண்ணம் பழுக்கக் காய்ந்ததே தவிர, உள்ளே இருந்த காற்றுக்கு அந்தச் சேதியே போய்ச் சேரவில்லை. சரி என்று அதைக் கழற்றிவிட்டு, நீள நீளமாக நாற்பது மெல்லிய குழாய்களை வெல்டிங் வைத்தாள். இப்ப சூடு உள்ள போச்சு, ஆனா காத்து குழாய்க்குள்ளேயே சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சு, பிஸ்டன் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. சக்கரம் எங்கள் அலுவலகக் கோப்பு நகர்வது போல நகர்ந்தது. அப்புறம் குழாய்களைப் பாதியாக நறுக்கி, எண்ணிக்கையையும் குறைத்து, சூட்டை அதிகமாகப் பிடிக்கட்டும் என்று வெளிப்பக்கம் தகட்டில் இறக்கைகள் வைத்தாள். தகடு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, என் வீட்டம்மாவோட ஓவன் தட்டு. அன்றைக்குத்தான் தீ பொங்கிப் புருவமும் போனது, பேச்சுவார்த்தையும் போனது. பதினோரு நாள் மாமியாரும் மருமகளும் என் மூலமாகவே பேசினார்கள். "டீ ஆறுதுன்னு உங்க மருமககிட்ட சொல்லுங்க." "அப்புறம் குடிக்கிறேன்னு அத்தைகிட்ட சொல்லுங்க மாமா." சமையலறைக்கும் ஷெட்டுக்குமாக நடந்து என் முழங்கால் வீங்கியது. பன்னிரண்டாம் நாள் எழுதியதுதான் அந்தக் கடிதம்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு முதலாளி பார்க்க வருவதாக ஏற்பாடு. புதன் மத்தியானம் எஞ்சின் தனியாக ஓடியது. மில்லிலிருந்து கொண்டுவந்த விசிறியை மாட்டினால் மட்டும் நின்றுவிடும். மருமகள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கொடியில் காய்ந்த துணியெல்லாம் கரியாகிறது என்று சண்டை போடத்தான் என் வீட்டம்மா ஷெட்டுக்குள் போனாள். போனவள் சண்டையை மறந்து குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா, கரி எங்க படிஞ்சிருக்குன்னு பாத்தியா?"

"எல்லாக் குழாயிலயும்தான் அத்தை."

"இல்ல. இந்தப் பக்கம் அப்பிக் கெடக்கு, அந்தப் பக்கம் கடையில வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு. தீ குறுக்கு வழியில ஓடிப் போயிடுது. எல்லாக் குழாயையும் தொட்டுட்டுப் போற மாதிரி சுத்தி ஒரு பாவாடை கட்டு."

பிறகு எண்ணெய் டின் ஒன்றை இருவருமாக வெட்டி, குழாய்களைச் சுற்றி ஒட்டினாற்போல் மாட்டினார்கள். வெட்டும்போது டின்னைப் பிடித்துக்கொண்டவன் நான். இதை யாரும் குறிப்பிடுவதில்லை.

மறுநாள் முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். சக்கரம் இரண்டு சுற்று சுற்றி நின்றது. மருமகள் இன்னும் ஒரு கை மரத்தூள் போட்டாள். மறுபடி சுற்ற ஆரம்பித்தது, வேகம் பிடித்தது, விசிறியை மாட்டினாள், அப்போதும் நிற்கவில்லை. விசிறிக்கு எதிரே மரத்தூள் மூட்டை வாய் திறந்து கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதலாளி தலையிலிருந்து கால்வரை மாவில் புரட்டி எடுத்தது போலானார். தும்மி முடித்துவிட்டு, "எப்பம்மா மில்லுல மாட்டறீங்க?" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன் சம்பந்தி. பதினைந்து நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. திரும்பிப் பார்த்தால் மாமியாரும் மருமகளும் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆகவே தாங்கள் கிளம்பி வர வேண்டிய அவசியமே இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. ஒரு குறையுமில்லை. இரு வீட்டாரும் நிறைந்த ஆயுளோடும் குறைந்த புகையோடும் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நிம்மதியான தங்கள் சம்பந்தி

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் இருவரும் பெட்டியோடு மில்லுக்குக் கிளம்பிவிட்டார்கள். முதலாளி என் வீட்டம்மாவையும் வேலைக்கு எடுத்துக்கொண்டாராம். திரும்பி வர ஒரு மாதம் ஆகுமாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். சமையலறை அடுப்பை எப்படி மூட்டுவது என்று எனக்குத் தெரியாது. கிடைக்கிற முதல் பஸ்ஸில் வரவும். சம்பந்தியம்மாளையும் அழைத்து வரவும்; தாங்கள் மட்டும் வந்து பயனில்லை.