எவெலியோவின் கையிலிருக்கும் புட்டி பற்றி ஒரு திருத்தம்

திலக்கொலூலா,
சந்தைக்கு மறுநாள், திங்கட்கிழமை.

மகாகனம் பொருந்திய 'பள்ளத்தாக்கின் குரல்' ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

திலக்கொலூலா ஊர் வாத்தியக் குழுவில் டூபா ஊதி ஓய்வு பெற்ற நிக்காந்திரோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் அச்சுக்கோக்கும் தோழர்களும் தேவமாதாவின் கருணையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் சென்ற வாரத்திய தங்கள் ஞாயிறு மலரின் ஏழாம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் 'பழைய மெஸ்காலின் மோப்பக்காரர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, ஒரு மனிதர் பழைய கற்றாழைச் சாராயப் புட்டி ஒன்றைப் பெற்ற பிள்ளையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் படத்தை வெளியிட்டிருக்கிறீர்கள். அவர் எவெலியோ. என் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவால் அவரை நான் 'கொம்பாத்ரே' என்று அழைக்கிறேன், அவரும் என்னை அப்படியே அழைக்கிறார். படத்தின் இடது ஓரத்தில் ஒரு காது தெரிகிறது. அது என்னுடையது. கட்டுரையில் எவெலியோவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், புட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், எவெலியோ வீட்டு வான்கோழியைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள். காதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் முடிவெட்டப் போன இடத்தில்தான் முதலில் பார்த்தேன். முடிவெட்டுகிறவன் மலரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "அண்ணே, இது உங்க காது மாதிரி இருக்கே" என்றான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். "மாசாமாசம் அதச் சுத்தித்தானே வெட்டுறேன்" என்றான். ஊரில் நியாயம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஐயா, எவெலியோவுக்கு இந்த மோப்பத்தைக் கற்றுக்கொடுத்ததே நான். குழுவில் அவர் பெரிய ஜால்ரா; வாத்தியத்தைத்தான் சொல்கிறேன். மலையூர்களில் திருவிழாவுக்கு வாசிக்கப் போவோம். மதியச் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் மர நிழல் கிடைத்தாலும் போதும், பன்றிக்கொட்டில் நிழல் கிடைத்தாலும் போதும் என்று சாய்ந்துவிடுவார்கள். நான் மட்டும் டூபாவைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஊரின் மிகப் பழைய மளிகைக்கடையைத் தேடிப் போவேன். போனதும் மெஸ்கால் இருக்கிறதா என்று கேட்கக்கூடாது. கேட்டால் போன வாரம் காய்ச்சியதை எடுத்து நீட்டுவார்கள். மெழுகுவத்தி வேண்டும், கயிறு வேண்டும் என்று எதையாவது கேட்டுக்கொண்டே கண்ணை மேல்தட்டில் மேயவிட வேண்டும். புனித அந்தோனியாருக்குப் பின்னால், மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால், சோளத்தட்டைக் கட்டையால் வாயடைத்துத் தூசி படிந்து, கடைக்காரருக்கே மறந்துபோன ஒன்று இருக்கும். கண்ணாடிக்குள் இருந்து இருந்து அதன் காரமெல்லாம் அடங்கியிருக்கும். ஆனால் கண்ணில் விழிப்பு வேண்டும், ஏனென்றால் இந்தக் காலத்தில் புட்டியில் ஒட்டும் சீட்டைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழசாக்குகிறார்கள், சிலந்தியை விலைக்கு வாங்காத குறையாக வலை பின்ன வைக்கிறார்கள். ஒரு தடவை ஒரு கோயில் சாமான் அறையிலிருந்து நானே ஒரு புட்டியை ஜாக்கெட்டுக்குள் ஒளித்து எடுத்துவந்தேன். எவெலியோ அதைச் சுரைக்கிண்ணத்தில் ஊற்றினார், வழக்கப்படி பூமிக்கு நாலு சொட்டு விட்டார், ஒரு வாய் குடித்தார், வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "கொம்பாத்ரே, இதக் குடிச்சா பாவம் போகும், தாகம் போகாது" என்றார். அது தீர்த்தம். குழு முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தது. அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது புட்டிக்கு வருகிறேன். அதைக் கண்டுபிடித்தவன் நான். மலைமேல் ஓர் ஊரில் எர்லிந்தா அம்மாள் என்று ஒரு விதவை இருக்கிறார். அவருடைய கணவர், மகள் பிறந்த அன்றைக்கு, மலைப்பாறையில் விளையும் கற்றாழையில் காய்ச்சிய மெஸ்காலை ஒரு புட்டியில் அடைத்து, இவள் கல்யாணத்துக்குத்தான் திறப்பது என்று பரணில் வைத்தார். மகள் வளர்ந்தாள், கன்னியாஸ்திரீ ஆகிவிட்டாள். புட்டி பரணிலேயே நின்றுவிட்டது. இதை எனக்குச் சொன்னது அந்த ஊர்க் கோயில் மணியடிப்பவர். நான் ஜனவரியில் நேராக எர்லிந்தா அம்மாள் வீட்டுக்குப் போனேன், அந்த அம்மாள் காப்பி கொடுத்தார், ரொட்டி கொடுத்தார், பரணைக் கண்ணால் காட்டக்கூடச் செய்தார். கொடுக்கத்தான் போகிறார் என்று நான் நினைத்த நேரத்தில், "எங்க வீட்டுக் குழந்தை யேசுவுக்கு இந்த வருஷம் ஞானத்தகப்பன் யாரும் அமையல. நீங்க இருக்கீங்களா?" என்று கேட்டார். தங்களுக்குத் தெரியாததில்லை: மெழுகுவத்தித் திருநாளன்று குழந்தை யேசுவின் சிலைக்குப் புதுச்சட்டை தைத்துப் போட்டு, கையில் ஏந்திக் கோயிலுக்குக் கொண்டுபோய், வந்தவர்களுக்கெல்லாம் சோளமாவில் தமால் அவித்துப் போட வேண்டும். நான் புட்டி தேடி வந்தவன், தையல்காரன் அல்ல. "எனக்கு முதுகுவலிங்கம்மா, குழந்தையத் தூக்க முடியாது" என்றேன். சிலை ஒரு முழம்கூட இருக்காது. அந்த அம்மாள் ரொட்டித் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து எவெலியோவிடம் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னேன். அங்கேதான் மோசம் போனேன். அவர் என்னோடு சேர்ந்து சிரித்தார், தொப்பியை எடுத்தார், போனார். மறுவாரம் பார்த்தால் அவர் மனைவி வெள்ளைப் பட்டில் ஒரு சின்னச் சட்டைக்குச் சரிகை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். திருநாளன்று எவெலியோ அந்தச் சிலையை ஏந்திக்கொண்டு, பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறவரைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு போனாராம். சட்டை போட்ட கையோடு அவர் எர்லிந்தா அம்மாளுக்கும் கொம்பாத்ரே ஆகிவிட்டார். கொம்பாத்ரே கேட்டு இல்லை என்று சொன்னவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டா? கேட்கக்கூட இல்லையாம், அந்த அம்மாளே ஏணி போட்டு இறக்கிக் கொடுத்தாராம். ஆனையைத் தேடி அலைந்தவன் ஒருவன், அம்பாரியில் ஏறியவன் ஒருவன்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டு முற்றத்தில் புட்டியைத் திறந்தார்கள். தங்கள் நிருபர்ப் பெண் படக்கருவியோடு வந்திருந்தாள். நான் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன், போகாவிட்டால் பொறாமை என்பார்களே என்று போனேன். எவெலியோ முதல் கிண்ணத்தை என்னிடம்தான் நீட்டினார். "கொம்பாத்ரே, நீங்க காட்டின வழி. மொதல்ல நீங்க குடிங்க" என்றார். அத்தனை பேர் முன்னிலையில் பெருந்தன்மையாக நடந்துகொள்ள அவருக்கு என்ன உரிமை? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வயித்துக்குச் சரியில்ல, டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டார்" என்று சொல்லிவிட்டேன். அந்த வாய்க்கு அன்றைக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம். எனக்கு எலுமிச்சை சோடா கொடுத்தார்கள். மற்றவர்கள் பூமிக்குச் சொட்டு விட்டு, உதட்டில் வைத்தார்கள். எங்கள் டிரம்பெட்காரன், காசுக்குக்கூட வாய் மூடாதவன், கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றான். அஞ்சல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்பிடி இருக்கு?" என்று நான் அலட்சியமாகக் கேட்டேன். "சொல்லத் தெரியல, நீங்க குடிச்சாத்தான் தெரியும்" என்றார்கள். நான் சோடாவை முடித்துவிட்டுப் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். அப்போது புட்டியில் பாதி இருந்தது. அதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு தங்கள் ஏழாம் பக்கம் வந்தது. நான் படுக்கையில் விழுந்தேன். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, நெஞ்சுக்குக் கீழே அடுப்பு வைத்ததுபோல் ஓர் எரிச்சல். மகளின் கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகு வருகிறது. ஞானத்தகப்பன் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் இல்லை. "அவரு வந்தா நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி செனைதா, "பொண்ணப் பெத்தவரு இல்லாமக்கூட கல்யாணம் நடக்கும், ஞானத்தகப்பன் இல்லாம நடக்காது. யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, மந்திரிக்கிற பிரிஸ்கா அம்மாளைக் கூட்டிவந்தாள்.

பிரிஸ்கா அம்மாள் ஒரு முட்டையை எடுத்து என் தலையிலிருந்து கால்வரை உருட்டி, தம்ளர்த் தண்ணீரில் உடைத்துப் பார்த்தார். பார்த்தவுடன் உதட்டைப் பிதுக்கினார்.

"யாரோ கண்ணு வச்சிட்டாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"உன்ன யாரு கண்ணு வைக்கப் போறா? இது நீ வச்ச கண்ணு. திரும்பி வந்து உனக்குள்ளயே உக்காந்திருக்கு. ஊதி எடுக்கணும். மெஸ்கால் கொண்டாங்க."

என் புட்டிகளெல்லாம் அலமாரிக்குள், சாவி என் கழுத்தில். செனைதா கேட்டாள், நான் சாவியோடு குப்புறப் படுத்துக்கொண்டேன். "சரி, கொம்பாத்ரே வீட்டுல வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனதும், கொஞ்ச நேரத்தில் ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்ததும் எனக்குத் தெரியும். பிரிஸ்கா அம்மாள் திருநீற்றுப்பச்சைக் கொத்தால் என்னை நாலு அடி அடித்துவிட்டு, செம்பிலிருந்து ஒரு வாய் நிறைய எடுத்து, கன்னம் புடைக்க, என் முகத்தில் 'ப்பூ' என்று ஊதினார்.

ஐயா, மீசையிலிருந்து ஒரு சொட்டு வழிந்து உதட்டுக்கு வந்தது. நான் நக்கினேன். முதலில் மண்குழியில் சுட்ட கற்றாழை, அப்புறம் ஆரஞ்சுத் தோல், அப்புறம் மழை விழுந்த செங்கல் சூளை, அதற்கப்புறம் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. காரமே இல்லை, ஆனால் உள்ளங்கால்வரை சூடு போயிற்று. எத்தனை கடை, எத்தனை அந்தோனியார், இப்படி ஒன்றை நான் நாக்கில் வைத்ததில்லை. எவெலியோ மிச்சமிருந்ததை எனக்காகக் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று அந்த நொடியே புரிந்தது. இரண்டாவது தடவை ஊதும்போது நான் வாயைத் திறந்து வைத்தேன்.

"வாய மூடு. இது மருந்து."

"உள்ளதான்மா எரியுது, உள்ள ஊதுங்க."

"பிடரிக்கு ஊதணும், திரும்பு."

பிடரிக்குப் போனதெல்லாம் வீண். நடுவில் அந்த அம்மாள் ஊதாமலே ஒரு வாயை விழுங்கியதையும் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் எரிச்சல் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்து அழுதேன். அப்படியே ஈரச்சட்டையோடு எவெலியோ வீட்டுக்கு ஓடி, அவரைக் கட்டிப்பிடித்து, "கொம்பாத்ரே, நான் மனுசனே இல்ல, நீங்கதான் மனுசன்" என்றேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார், அவரும் அழுதார், வான்கோழி சுற்றிச் சுற்றி வந்தது. கல்யாணத்துக்கு அவர்தான் முன்னால் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகையால் ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், எவெலியோவைப் போல ஒரு மனிதர் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை என்பதையும், தன் கடைசிக் கிண்ணத்தை நோயாளி நண்பனுக்குக் கொடுத்தவர் என்பதையும், மணியடிப்பவரிடம் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தவன் மட்டும் நான் என்பதையும் அடுத்த மலரில் ஒரு திருத்தமாக வெளியிட வேண்டும். தங்கள் குடும்பத்துக்கும் பத்திரிகைக்கும் ஏகாந்த மாதா எந்தக் குறையும் வைக்காமல் காப்பாளாக. அச்சு இயந்திரம் நிற்காமல் ஓடட்டும்.

தங்கள் பணிவுள்ள,
நிக்காந்திரோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் செனைதாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிக் கிண்ணம் வரும் இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். கொம்பாத்ரே வீட்டுக்குப் போனது உண்மையாம். ஆனால் அவருடைய புட்டியைத் தங்கள் நிருபர்ப் பெண்ணும் மற்றவர்களும் அன்றைக்கே காலி செய்துவிட்டார்களாம். "அப்ப என் மூஞ்சியில ஊதினது எது?" என்றேன்.

"அடுப்படியில உப்பு ஜாடி பக்கத்துல இருந்துச்சே, நம்ம கல்யாணத்தன்னைக்கு எங்கப்பா உங்க கையில குடுத்த புட்டி. 'உங்கப்பன் குடுத்தா அது காடியாத்தான் இருக்கும்'னு நீங்க இதுவரைக்கும் தொட்டே பாக்கல. நான்தான் மழைக்காலத்துல முட்டிவலிக்குத் தேச்சுக்கிட்டிருந்தேன்."

"மிச்சம் இருக்கா?"

"அன்னையோட தீந்துபோச்சு."

"நான் கட்டிப்பிடிச்சு அழுதப்ப அந்த மனுசன் ஏன் இல்லன்னு சொல்லல?"

"அழுதுக்கிட்டு வந்து நிக்கிறவருகிட்ட என்னத்தச் சொல்றது? எதுக்கு அழுறீங்கன்னே அவருக்குத் தெரியாதாம். பாவம், கூட அழுதிருக்காரு."

ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் பிரசுரிக்க வேண்டாம். எவெலியோவே மோப்பக்காரராக இருந்துவிட்டுப் போகட்டும், அவர்மேல் எனக்கு இப்போது ஒன்றுமில்லை. செனைதா எனக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் தலைசிறந்த மெஸ்காலைப் பூமிக்கு ஒரு சொட்டுக்கூட விடாமல் குடித்துத் தீர்த்த அந்த இரண்டு முழங்கால்களையும் பார்க்கப் பார்க்க, ஐயா, எனக்கு மறுபடியும் வயிறு எரிகிறது.