அண்ணனிடமிருந்து நான் பறித்த ஒன்பது அங்குலம்

என் அண்ணனுக்கு எட்டு மாதம் வரன் அமையாமல் போனதற்கு ஜாதகம் காரணமல்ல, நான்தான் காரணம். இன்றைக்கும் இதைக் கூசாமல் சொல்ல முடியவில்லை.

எங்கள் சித்தி ஆவடியில் தன் வீட்டிலேயே திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். அம்பத்தூரில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "வெப்சைட்டே போட்டுத் தரேன் சித்தி" என்று கிளம்பினேன். (யாரும் கேட்கவில்லை.) உயரத்தை அடி, புள்ளி, அங்குலம் என்று ஒரே எண்ணாகப் பதிய வைத்தேன். அண்ணன் ஐந்தடி பத்தங்குலம், 5.10 என்று ஏற்றினேன். கணினிக்கு அது தசம எண். கடைசிச் சுழி வீண் என்று உதறிவிட்டு 5.1 என்று காட்டியது. நான் கவனிக்கவே இல்லை.

அம்மா ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு மாங்காடு அம்மன் கோயிலுக்குப் போய் வந்தார். அண்ணன் கண்ணாடி முன் நின்று நெற்றியைத் தடவத் தொடங்கினான். "ஹேர்கட்டை மாத்திப் பாரேன்" என்று நான் வேறு ஆலோசனை சொன்னேன்.

ஒரு ஞாயிறு, பாடியிலிருந்து ஒரு பெண்ணின் பெற்றோர் வந்தார்கள். அண்ணன் பால் வாங்கப் போயிருந்தான். கதவைத் திறந்தவன் நான். என் உயரம் ஐந்தடி இரண்டு. (சைட்டில் போட்டோ வசதி 'அடுத்த வாரம்' வருவதாக இருந்தது.)

பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தான் கீறாரு. நம்ம பொண்ணுக்கு ஏத்த ஒசரம்" என்றார் மனைவியிடம். பிறகு என்னை உட்கார வைத்து, "சிகரெட்டு, கிகரெட்டு உண்டா மாப்ள?"

"இல்லைங்க" என்றேன். (ஏன் பதில் சொன்னேன்?)

பால் பாக்கெட்டோடு அண்ணன் நுழைந்தான்.

"இவரு யாரு?" என்றார் பெண்ணின் அப்பா.

"நான்தாங்க மாப்பிள்ளை" என்றான் அண்ணன்.

"இன்னாபா இது? சைட்ல அஞ்சு புள்ளி ஒண்ணுன்னு கீது. நீ பனைமரமாட்டம் நிக்கிறியே!"

அண்ணன் என் போனை வாங்கிப் பார்த்தான். கத்தவில்லை. "எட்டு மாசமா எனக்குத்தான் ஏதோ குறைன்னு நெனச்சிட்டிருந்தேன்டா" என்றான். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

வந்தவர்களுக்கு அம்மா காபி கொடுக்கும்போதே லேப்டாப்பைத் திறந்து, எல்லா எண்ணுக்கும் இரண்டு தசம இடம் என்று மாற்றினேன். 5.10 வந்துவிட்டது. மறுநாள் சித்தி போனில் அலறினார்: "டேய், அஞ்சடி நாலங்குலப் பொண்ணுங்க எல்லாம் அஞ்சு புள்ளி நாப்பது ஆயிட்டாங்கடா!" அதன் பிறகுதான் அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம் என்று பிரிக்கும் புத்தி வந்தது.

பாடிப் பெண்ணே அண்ணியாக வந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "எங்கப்பா மொதல்ல ஓகே சொன்ன மாப்ள இவருதான்" என்று ஆரம்பிப்பார். அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். நான் காபி டம்ளர்களைக் கழுவ எழுந்து போய்விடுவேன்.