பாரிஸ் மாமாவாக நான் வந்த கதை

குருநகர்,
1993 ஆவணி.

என் அன்புத் தம்பி சிமியோனுக்கு,

மாதா உன்னையும் உன் வீட்டாரையும் காக்கட்டும். உன் அண்ணன் செபநாயகம் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆகவே சுகம். நாளைக்குக் கொழும்புக்குப் புறப்படும் ஒருவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். எப்போது உன்னிடம் வந்து சேரும் என்பது அவருக்கும் தெரியாது.

நீயும் உன் சங்கத்து நண்பர்களும் உதவுகிற பிள்ளைகளின் நாடக வகுப்பு எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். வகுப்பு நன்றாக நடக்கிறது. நான்தான் நன்றாக நடக்கவில்லை என்று ரீச்சர் சொல்கிறாள். ரீச்சர் என்றால் குணலட்சுமி, கரவெட்டிப் பிள்ளை. கோயில் மண்டபத்து முகாமில் இருக்கும், தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் நடிப்பும் சொல்லிக்கொடுப்பவள். சுங்க இலாகாவில் இருந்த காலம் முழுவதும் நான் எந்த மேலதிகாரிக்கும் இப்படிப் பயந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் உன் சித்திரை மாதத்துக் கடிதம். "வசதிப்பட்டால் ஆடியில் வந்து பிள்ளைகளைப் பார்ப்பேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தாய் அல்லவா? அதை எங்கள் கத்தரீனா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அக்கா கோயிலில் சொன்னார். கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் போகிற வழியில் அந்த 'வசதிப்பட்டால்' எங்கேயோ விழுந்துவிட்டது. மறுநாளே பிள்ளைகள் பாரிஸ் மாமாவை வரவேற்கக் கூத்து, கும்மி, மாலை, பேச்சு எல்லாம் ஆயத்தம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஒத்திகைக்கு ஒரு பாரிஸ் மாமா வேண்டும், உங்களுக்குத்தான் அவருடைய மூக்கு என்று ரீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பஞ்சலிங்கம் தன்னுடைய கலியாணக் கோட்டைக் கொண்டுவந்து தந்தார். என் வயிற்றுக்கு மேலே அதன் தெறிகள் பூட்டவில்லை. ஆடி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து உள்ளே வருவதும், திரும்பிப் போய் மறுபடி வருவதுமாக ஒரு மாதம் நான் உன் வேலையைப் பார்த்தேன்.

"ஐயா, பாரிசிலை இருந்து வாறவர் இப்பிடிக் குனிஞ்சு வரமாட்டார். நிமிர்ந்து வாங்கோ."

"பிள்ளை, அவனும் என்னை மாதிரிக் கூனல்தான்."

"அங்கை போய் நிமிர்ந்திருப்பார்."

நிமிர்ந்துவிட்டாயா தம்பி? இதை யாரிடம் கேட்பது?

வரவேற்புப் பேச்சு யசிந்தாவுக்கு. பல் விழுந்து முளைக்கிற வயது. தகப்பன் மண்டைதீவுப் பக்கம் கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பாதவர். வகுப்புக்கு வந்த புதிதில் பிள்ளை வாயே திறக்கவில்லையாம். பேசத் தொடங்கிய பிறகும் முன்னால் நிற்கிற எனக்கே கேட்காது; உதடு அசைவதைப் பார்த்துத்தான் நான் தலையாட்டுவேன். ஒருநாள் ஒத்திகை நடுவில் ஹெலிகொப்டர் வந்தது. எல்லோரும் பங்கருக்குள் பாய்ந்தோம். அரக்கன் என் மடியில், ராசா என் முதுகில். சம்மனசு வேடம் போட்ட பிள்ளையின் மட்டைச் சிறகு வாசலில் இறுகிவிட்டது. பிய்த்துத்தான் உள்ளே இழுத்தோம். மேலே அந்தச் சத்தம். அந்த நேரம் பார்த்து, என்ன வந்தாலும் பேச்சை இடையில் விடக்கூடாது என்று ரீச்சர் சொல்லிவைத்திருந்ததால், யசிந்தா பேச்சை முதலிலிருந்து மறுபடி எடுத்தாள். "எங்களைத் தேடி வந்த மாமாவுக்கு வணக்கம்" என்று தொடங்கி முடிவுவரைக்கும். நெருக்கியடித்துக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஹெலி போன பின்பும் ஒருவரும் வெளியே வரவில்லை. அவள் முடிக்கட்டும் என்று இருந்தோம். அன்றிலிருந்து அவள் குரல் படலை தாண்டிக் கேட்கிறது.

அதற்குப் பிறகுதான் உன் மற்றக் கடிதம் வந்தது. அங்கே தங்குகிற பத்திரம் இன்னும் சரிவரவில்லை, வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், வர முடியாது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ரீச்சர் மறுத்துவிட்டாள். நானே போய்ச் சொன்னேன். அழுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அழவில்லை, தம்பி. வாறன் என்று சொன்னவர்கள் வராமல் விடுவது அவர்களுக்குப் பழகிப்போய்விட்டது. யசிந்தா கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப நீங்கள் வாங்கோ," என்றாள்.

ஆடிக் கடைசி ஞாயிறு பின்னேரம் முகாம் முழுக்கக் கூடியிருக்க, அதே கோட்டோடு நான் வந்தேன். எல்லோருக்கும் நான் யாரென்று தெரியும். இருந்தும் மத்தளம் முழங்கியபோது சனம் எழுந்து நின்றது. மாலை போட்டார்கள். யசிந்தா பேச வாயைத் திறக்கிறாள், அதற்குள் கத்தரீனா அக்கா சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கோட்டுக் கழுத்தைப் பிடித்தார்.

"இத்தனை வருசமாய் எங்கையடா இருந்தனி?"

"அக்கா, நான் செபநாயகம்," என்று மெல்லச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும். பேசாமல் நில்லு. ஏன்ரா வரேல்லை?"

எனக்குத் தந்த வசனத்தில் இதற்குப் பதில் இல்லை. ரீச்சரைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடேல்லை அக்கா."

"ஆரடா விடாதது?"

அக்கா என் முகத்தைத் தடவினார், நெற்றியில் சிலுவை போட்டார், பிறகு திரும்பி, "நீ பேசு மோனை," என்று யசிந்தாவுக்குச் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தார். பிள்ளை ஒரு சொல் விடாமல் பேசினாள். கைதட்டல் கோயில் மணிக்கூண்டில் இருந்த புறாக்களை எல்லாம் கலைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் ஒடியல் கூழ். சட்டியின் அடியில் கிடந்த பெரிய நண்டுக்கால் எனக்கு வந்தது. செபநாயகமாக இருந்த இத்தனை காலத்தில் அந்தக் கால் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஆகையால் நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. நீ அவசரப்பட்டு வரத் தேவையில்லை. வந்தாயிற்று, மாலை வாங்கியாயிற்று, ஏச்சும் வாங்கியாயிற்று, கூழும் குடித்தாயிற்று. எல்லாவற்றையும் உன் சார்பில் குறைவில்லாமல் செய்து முடித்தேன். வகுப்பைக் கைவிட வேண்டாம் என்று உன் சங்கத்தாருக்குச் சொல். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஆண்டவர் உன் வாசலில் நிற்பாராக.

உன் அண்ணன்,
செபநாயகம்.

பி.கு.: மேலே 'வரத் தேவையில்லை' என்று எழுதியதைத் திருத்தி எழுத வேறு தாள் இல்லை, கடைகளிலும் இல்லை. அந்த இடத்தை வாசிக்காமல் விடு. அக்கா பின்னேரங்களில் வீட்டுப் படலைக்குப் போய்ப் போய் வருகிறார். கேட்டால், "காத்து வாங்குறன்" என்கிறார். நேற்று நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். காற்று ஒன்றும் இல்லை. எப்ப வாறாய்?